"ஏன் ஓடுகிறாய்?" என்று கேட்காதீர்கள், "எப்போது திரும்புவாய்?" என்று கேளுங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு இது. வகுப்பில் நாற்பது நிமிடம் என் பாடத்தைப் பொறுமையாகக் கேட்டவர்கள் நீங்கள். இன்று பத்து நிமிடம் ஒதுக்க மாட்டீர்களா என்ன?

சில வாரங்களுக்கு முன்பு எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. என் தங்கை மகள் போட்ட படம். கொடைக்கானல் ஏரிக்கு மேலே ஒரு மேட்டில் நிற்கிறாள். டிராக் பேண்ட், முழுக்கை பனியன், முதுகில் சின்னத் தண்ணீர்ப் பை, கணுக்கால் வரை சேறு. கீழே ஏரி, பின்னால் மலை. "12 கிலோமீட்டர் முடித்தேன்" என்று எழுதியிருந்தாள். அவளுக்கு வயது முப்பத்தாறு. இரண்டு பிள்ளைகளுக்குத் தாய்.

அன்று நாலைந்து பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியதோடு சரி. அடுத்த முறை போனபோது இறக்கத்தில் கால் பிசகிக் கணுக்கால் வீங்கிவிட்டது. எலும்பு முறிவு இல்லை. கட்டுப் போட்டு மூன்று வாரம் ஓய்வு என்றார் மருத்துவர். அவ்வளவுதான், குழுவில் எல்லோரும் நீதிபதி ஆகிவிட்டார்கள்.

"ரெண்டு புள்ள பெத்தவளுக்கு மலையில என்ன ஓட்டம்?" "வீட்டுக்குள்ள நடந்தா பத்தாதா?" "இந்த வயசுல மூட்டு தேஞ்சு போச்சுன்னா யாரு பாக்கறது?" "குரங்கணி மறந்து போச்சா?" ஒரு மதினி, "யாருக்குக் காட்டறதுக்கு இதெல்லாம்?" என்றும் கேட்டுவிட்டார். நானும் சும்மா இருக்கவில்லை. "உடம்பைப் பார்த்துக்கோம்மா, ஏன் இந்த வேண்டாத வேலை?" என்று எழுதினேன். அக்கறையாகத்தான் எழுதினேன். ஆனால் அதுவும் அதே "ஏன்"தான்.

அன்று இரவு அவளிடமிருந்து எனக்குத் தனியாக ஃபோன். அழவில்லை, கோபப்படவும் இல்லை. "சரி பெரியம்மா. இனிமே போறப்ப யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றாள்.

அந்த ஒரு வாக்கியம் என்னைத் தூங்கவிடவில்லை. நாம் எல்லோரும் சேர்ந்து அவளை ஓடாமல் தடுத்தோமா? இல்லை. சொல்லாமல் ஓட வைத்திருக்கிறோம். மலையில் எது ஆபத்து என்று கேட்டால், முதல் ஆபத்து அதுதான். ஒருத்தி எந்த வழியில் போனாள், எப்போது திரும்ப வேண்டும் என்பது கீழே ஒருவருக்கும் தெரியாமல் இருப்பது.

கால் சரியானதும் நானே கேட்டேன்: "என்னையும் ஒருநாள் கூட்டிப் போ. நான் ஓட மாட்டேன், நடக்கிறேன்."

வத்தலக்குண்டு பக்கத்திலேயே பிறந்து வளர்ந்து, அந்த மலையைத் தினமும் பார்த்தவள் நான். கொடைக்கானலுக்கு எத்தனையோ முறை போயிருக்கிறேன், பள்ளிச் சுற்றுலாவுக்கு உங்களில் பலரையும் அழைத்துப் போயிருக்கிறேன். வேனில் இறங்குவோம், படகில் ஏறுவோம், தூண் பாறையில் ஃபோட்டோ எடுப்போம், மறுபடி வேன். அந்த மலையின் மண்ணை நான் ஒருநாளும் மிதித்ததில்லை என்பது அன்றுதான் தெரிந்தது.

காலை ஆறு மணிக்கு ஏரிக்கரையில் தொடங்கினோம். 1863-இல் மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் ஓடையை மறித்துக் கட்டிய ஏரி இது என்று உங்களுக்குப் பாடம் சொல்லியிருக்கிறேன். நட்சத்திர வடிவம் என்றும் சொல்லியிருக்கிறேன். கரையில் நின்று பார்த்தால் அந்த வடிவம் தெரியாது. ஒரு வளைவு முடிந்தால் இன்னொரு வளைவு, அவ்வளவுதான். கரையை விட்டு மேடேறி, மரங்களுக்கு நடுவே போய், மேலே உள்ள காட்சிமுனையில் திரும்பிப் பார்த்தபோதுதான் நீர் கைகளை விரித்துக் கிடப்பது தெரிந்தது. இத்தனை வருடம் நான் பார்க்காத ஒன்றைத்தான் உங்களுக்குப் பாடமாகச் சொல்லியிருக்கிறேன்.

அங்கிருந்து வானாய்வு நிலையம் இருக்கும் பக்கம் ஏற்றம். 1899-இல் தொடங்கிய சூரிய ஆய்வுக்கூடம் அது, 2,343 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கி நகர்வதை எவர்ஷெட் 1909-இல் கண்டுபிடித்தது அங்கேதான். அந்த உயரத்தில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதைவிட ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைவு. இருபது அடி நடப்பேன், நிற்பேன். எனக்காகத்தான் அவளும் நடக்கிறாள் என்று நினைத்து, "நீ ஓடும்மா, நான் பின்னாடி வாரேன்" என்றேன். அவள் சிரித்தாள். "ஏத்தத்துல நடக்கறதுதான் பெரியம்மா முறை. எல்லாரும் அப்படித்தான்."

பிறகு படித்துப் பார்த்தேன், உண்மைதான். ஐரோப்பாவில் மோன் பிளாங் மலையைச் சுற்றி ஓடும் பந்தயம் 2003 முதல் நடக்கிறது. பிரான்ஸ், இத்தாலி, ஸ்விட்சர்லாந்து மூன்று நாடுகளையும் தொட்டுத் திரும்புகிற 170 கிலோமீட்டர் வழி. மொத்த ஏற்றம் 10,000 மீட்டர் அளவில். அதில் முதலிடம் பிடிப்பவர்கள்கூட செங்குத்தான ஏற்றங்களில் நடக்கத்தான் செய்கிறார்கள். இரண்டு கையாலும் தொடையை அழுத்திக்கொண்டோ, ஊன்றுகோலைக் குத்திக்கொண்டோ ஏறுகிறார்கள். நடப்பதைத் தோல்வி என்று எண்ணுபவர் அங்கே யாரும் இல்லை. மெதுவாகப் படிக்கிற பிள்ளையை "மக்கு" என்று சொல்கிற ஆசிரியர்களுக்கு இதைக் காட்ட வேண்டும் என்று தோன்றியது.

பாதி வழியில் ஒரு காட்டுமாடு. வளைவில், பாதையை ஒட்டியே நின்று மேய்ந்துகொண்டிருந்தது. நான் ஃபோனை எடுத்தேன். அவள் என் கையைப் பிடித்து மெதுவாகப் பின்னுக்கு இழுத்தாள். பத்து நிமிடத்துக்கு மேல் அசையாமல் நின்றோம். அது தானாக இறங்கிப் போன பிறகுதான் நகர்ந்தோம். "அவசரப்பட்டா குத்திரும். இது அது வீடு, நம்ம வீடு இல்ல" என்றாள். வீட்டில் ஒரு இடத்தில் நிற்காத பெண் இவள். இந்தப் பொறுமையை எங்கே கற்றாள் என்று யோசித்துக்கொண்டே நடந்தேன்.

இறக்கத்தில்தான் அவள் ஓடினாள், நிதானமாக. கால் பிசகிய இடத்தையும் காட்டினாள். பைன் மரத்து ஊசியிலைகள் மெத்தை போலக் கிடக்கின்றன. பனி விழுந்தால் வழுக்கும், அடியில் வேர் இருந்தாலும் தெரியாது. சின்னச் சின்ன அடியாக வைக்க வேண்டும், முட்டியை லேசாக மடக்கி வைக்க வேண்டும், காலடியைப் பார்க்காமல் நாலு அடி முன்னால் பார்க்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். ஏற்றத்தில் மூச்சு வாங்கும், ஆனால் வலி தருவது இறக்கம். தொடைத் தசை நீண்டுகொண்டே பிரேக் போடுவதால் மறுநாளும் அதற்கு மறுநாளும் வலிக்கும். எனக்கு மூன்று நாள் வலித்தது. மாடிப்படியில் பின்பக்கமாகத் திரும்பித்தான் இறங்கினேன்.

கடைசியில் கோக்கர்ஸ் வாக். 1872-இல் கோக்கர் என்ற ராணுவ அதிகாரி அமைத்த நடைபாதை. அன்று வானம் தெளிவு. ஒரு பக்கம் மலை சரிந்து இறங்குகிறது, கீழே சமவெளி நீலமாகப் பரந்து கிடக்கிறது. அங்கே நின்றபோது அவளிடம் கேட்டேன்: "இப்போ சொல்லு, ஏன் ஓடுற?"

"தெரியல பெரியம்மா. இந்த ரெண்டு மணி நேரம் யாரும் என்னை எதுவும் கேக்க மாட்டாங்க."

அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை.

இப்போது என் பக்கத்துத் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

நான் வேலை பார்த்தது தொடக்கப்பள்ளி. விளையாட்டுக்குத் தனி ஆசிரியர் கிடையாது, வகுப்பாசிரியரே பார்த்துக்கொள்ள வேண்டும். பயிற்சிப் பள்ளியில் எங்களுக்கு உடற்கல்வியும் சொல்லித்தான் தந்தார்கள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு டிரில் செய்து மதிப்பெண்ணும் வாங்கினேன். பட்டயம் கைக்கு வந்ததும் அதை மறந்துவிட்டேன். கால அட்டவணையில் விளையாட்டு என்று போட்டிருந்த நேரத்தில் பையன்களிடம் பந்தைக் கொடுத்து வெளியே அனுப்புவேன். பெண் பிள்ளைகளை வேப்பமரத்தடியில் உட்கார வைத்து வாய்ப்பாடு சொல்ல வைப்பேன். வெயில் படாமல் பத்திரமாக இருக்கிறார்கள் என்று எனக்கு ஒரு திருப்தி வேறு.

நான்காம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். மணி அடித்தால் கேட் வரைக்கும் ஒரே ஓட்டம். ஒரு பையனாலும் அவளைப் பிடிக்க முடியாது. "பொம்பளப் புள்ள மாதிரி நட" என்று அவளிடம் சொன்னது நான்தான். சொன்னது ஒருமுறை இல்லை, வருடம் முழுக்கச் சொன்னேன். வருடக் கடைசியில் அவள் நடக்க ஆரம்பித்துவிட்டாள். நல்ல பிள்ளை ஆகிவிட்டாள் என்று பெருமைப்பட்டேன்.

அம்மா, நீ இந்தப் பதிவைப் படித்தால், அன்று நான் செய்தது தவறு. மன்னித்துக்கொள்.

இந்தத் தவறை நான் மட்டும் செய்யவில்லை, உலகமே செய்தது. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீட்டர் ஓடினார்கள். ஓடி முடித்துக் களைத்துப் போனார்கள் என்று சொல்லி அந்தப் பந்தயத்தையே எடுத்துவிட்டார்கள். பெண்களுக்கு அது திரும்பக் கிடைத்தது 1960-இல். ஓடி முடித்த ஆண்கள் களைக்க மாட்டார்களா? பெண்களுக்கு ஒலிம்பிக் மாரத்தான் வந்ததே 1984-இல்தான். அந்த வருடம் நம் பி.டி. உஷா நூறில் ஒரு பங்கு நொடியில் பதக்கத்தை இழந்ததை ரேடியோவில் கேட்டு வருத்தப்பட்டோம். மறுநாள் பள்ளிக்குப் போய்ப் பெண் பிள்ளைகளை மரத்தடியில் உட்கார வைத்தோம்.

2023-இல் அமெரிக்காவைச் சேர்ந்த கோர்ட்னி டவால்டர் என்ற பெண், வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ், ஹார்ட்ராக் என்ற இரண்டு நூறு மைல் மலை ஓட்டங்களையும், நான் மேலே சொன்ன மோன் பிளாங் ஓட்டத்தையும், மூன்றையும் ஒரே கோடையில் பெண்கள் பிரிவில் வென்றார். அவர் முன்பு என்ன வேலை பார்த்தார் தெரியுமா? பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். இதைப் படித்ததும் எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல!

சரி, உறவுகள் கேட்ட கேள்விகளுக்கு வருகிறேன்.

மூட்டுத் தேய்மானம் பற்றி. அளவோடு ஓடுகிறவர்களுக்கு ஓடாதவர்களைவிட மூட்டுத் தேய்மானம் அதிகம் என்று ஆய்வுகள் காட்டவில்லை. ஏற்கெனவே மூட்டில் கோளாறு உள்ளவர்கள், இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் மலையேறக் கூடாது, அது வேறு விஷயம். நம் வீட்டுப் பெண்களுக்கு நாற்பது வயதில் முட்டி வலி வந்தால் அதற்கு ஓட்டமா காரணம்? ஓடவே விடாத வாழ்க்கையும் அதில் ஒரு பங்கு என்பது என் எண்ணம்.

குரங்கணி பற்றி. அதை நான் மறக்கவில்லை. 2018 மார்ச் 11. தேனி மாவட்டத்துக் காட்டில் தீ, இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், அதில் பெண்கள் பலர். இங்கிருந்து எவ்வளவு தூரம்? அந்த வாரம் முழுக்க நான் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனால் அதிலிருந்து நாம் எடுத்துக்கொண்ட பாடம் "பெண்கள் மலைக்குப் போகக் கூடாது" என்றால், இறந்தவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை அதுவல்ல. காய்ந்த புல் பற்றி எரிகிற பருவத்தில் காட்டுக்குள் போகக் கூடாது, அனுமதி இல்லாத வழியில் போகக் கூடாது, வழி தெரிந்தவர் இல்லாமல் போகக் கூடாது. பாடம் இதுதான். அதன் பிறகு மலையேற்றத்துக்கு அரசு விதிகள் கொண்டு வந்தது. 2024-இல் வனத்துறை 40 வழிகளை வழிகாட்டிகளோடு அறிவித்து, இணையத்தில் பதிவு செய்து போகும்படி திறந்தும் விட்டது. முறையாகப் போக இன்று வழி இருக்கிறது.

இன்னொரு நிகழ்வும் சொல்கிறேன். 2021 மே 22, சீனாவின் கான்சு மாகாணத்தில் 100 கிலோமீட்டர் மலை ஓட்டம். 172 பேர் ஓடினார்கள். வெயில் காலம்தானே என்று பலர் அரைக்கால் சட்டையோடு போனார்கள். மேலே போனதும் ஆலங்கட்டி, குளிர்மழை, சூறைக்காற்று. 21 பேர் இறந்துபோனார்கள், அதில் நாட்டின் முன்னணி வீரர்களும் உண்டு. ஆறு பேரைக் காப்பாற்றியது யார்? மழைக்குக் குகையில் ஒதுங்கியிருந்த ஓர் ஆடு மேய்ப்பவர். தீ மூட்டி, போர்வை கொடுத்துக் காப்பாற்றினார். அவர்களுக்கு உடலில் பலம் இல்லையா? இருந்தது. தேவைப்பட்டது ஒரு மேல்சட்டையும், கெட்ட வானிலையில் "போதும், திரும்புங்கள்" என்று சொல்ல ஓர் ஆளும்.

அதனால்தான் சொல்கிறேன். மலைக்கு ஓடப் போகிற மகளிடம், மருமகளிடம், தங்கையிடம் "ஏன்" என்று கேட்காதீர்கள். பதில் வராது, பொய்தான் வரும். "ஃப்ரெண்ட் வீட்டுக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டு மலையேறுவாள். அதற்குப் பதிலாக இந்த ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்:

1. எந்த வழி? (வாயால் சொன்னால் போதாது, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். காட்டுக்குள் சிக்னல் இருக்காது.)

2. கூட யார்?

3. எத்தனை மணிக்குத் திரும்புவாய்? அதைத் தாண்டினால் நான் யாரைக் கூப்பிட வேண்டும்?

4. தண்ணீர், மழைக்கு மேல்சட்டை, விசில் இருக்கிறதா? (கொடைக்கானலில் மதியத்துக்கு மேல் மேகம் ஏறிவிட்டால் பத்தடி தூரத்தில் இருப்பதுகூடத் தெரியாது.)

5. அனுமதி வாங்கியாயிற்றா?

இந்த ஐந்தையும் கேட்டுவிட்டு, "பிள்ளைகளை நான் பார்த்துக்கிறேன், போயிட்டு வா" என்ற ஆறாவது வாக்கியத்தையும் சொல்ல முடிந்தால், நீங்கள் நல்ல மனிதர்.

ஓடுகிற பிள்ளைகளுக்கும் டீச்சருக்கு இரண்டு வார்த்தை உண்டு. நான் உங்கள் பக்கம் பேசுகிறேன் என்பதற்காகத் தலையில் ஏறிக்கொள்ளாதீர்கள். நாங்கள் போன வழியில் இனிப்புக் கூழ் அடைத்த பிளாஸ்டிக் உறைகள் பல இடங்களில் கிடந்தன. அதை ஓடுகிறவர்களைத் தவிர வேறு யார் தின்றிருப்பார்கள்? ஒன்று விடாமல் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டாள் என் பெண். காதில் பாட்டு மாட்டிக்கொண்டு ஓடாதீர்கள், காட்டுமாடு ஹாரன் அடிக்காது. 2024 மே மாதம் முதல் நீதிமன்ற உத்தரவின்படி கொடைக்கானல் போக இ-பாஸ் வேண்டும், அதை எடுத்துவிட்டே கிளம்புங்கள். காட்டுக்குள் வனத்துறை "இல்லை" என்று சொன்னால் இல்லைதான், அங்கே குறுக்கு வழி தேடாதீர்கள். படத்துக்காக விளிம்பில் நிற்காதீர்கள். முக்கியமாக, வீட்டில் நாலு பேர் திட்டினாலும் ஒருவரிடமாவது உண்மையைச் சொல்லிவிட்டுப் போங்கள். சொல்ல ஆள் இல்லை என்றால் எனக்குச் சொல்லுங்கள். என் எண் உங்கள் எல்லோரிடமும் இருக்கிறது. நான் காலை நாலரைக்கே எழுந்துவிடுவேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அதிகாலை ஐந்தே முக்காலுக்கு என் ஃபோனில் ஒரு செய்தி. "பெரியம்மா, ஏரியில இருந்து கிளம்புறேன். அதே வழி. கூட ரெண்டு பேர். ஒன்பது மணிக்கு முடிப்பேன்." காப்பியை வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எட்டு ஐம்பதுக்கு அடுத்த செய்தி வந்தது: "கீழ வந்துட்டேன்."

அந்தப் பத்து நிமிடம் முன்னால் வந்த செய்திக்கு நான் பட்ட நிம்மதி இருக்கிறதே, அவள் ஓடாமல் வீட்டில் இருந்திருந்தால்கூட அது எனக்குக் கிடைத்திருக்காது.

குழுவில் கேள்வி கேட்ட மதினிக்கு ஒரு வேண்டுகோள். கோபிக்க வேண்டாம். அடுத்த மாதம் நான் மறுபடி போகிறேன், நீங்களும் வாருங்கள். ஏற்றத்தில் எல்லோரும் நடக்கத்தான் போகிறோம். உங்களுக்குத் துணைக்கு நான் இருக்கிறேன்.

மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள். எழுத்துப் பிழை இல்லாமல் எழுதுங்கள், திருத்தாமல் இருக்க என்னால் முடியாது.

வாழ்க வளமுடன்.

என்றும் அன்புடன்,
உங்கள் டீச்சர்